பாசியும் பச்சைக்கற்பூரமும்

என் மூக்கு வேலையை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. ஊர் முழுக்கக் காய்ச்சல் வந்த காலத்தில் எனக்கும் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்களுக்குச் சில வாரங்களில் திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பணிக்காலம் முழுவதும் திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். சோதனைக் குழாயை மூக்குக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கையால் ஆவியை விசிறி இழுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வேன். பையன்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரே மூக்கைப் பற்றியதுதான். அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. அப்படிப்பட்டவன் ரசத்துக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? அதனால் நடித்தேன். மனைவி காபி கொண்டுவந்தால் டம்ளரை ஒரு கணம் மூக்கடியில் நிறுத்தி, "பேஷ், நல்ல மணம்" என்பேன். பூக்கடையைத் தாண்டும்போது மூச்சை நன்றாக இழுப்பேன். நடிப்பு பழகிவிட்டால் அதுவும் ஒரு உத்தியோகம் போல ஆகிவிடுகிறது.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், மூன்று மாடிக் குடியிருப்பு. பெரும்பாலும் வயதானவர்கள். எல்லோருடைய பிள்ளைகளும் வேறு வேறு நேரப் பகுதிகளில் இருக்கிறார்கள். எங்கள் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம். கேன் தண்ணீர் வாங்குகிறவர்களைப் பார்த்து, பாவம், அக்கரையில் இருக்கிறார்கள் என்போம்.

சங்கத்தில் தண்ணீர்ப் பொறுப்பு என்னுடையது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தினமும் பார்க்க வேண்டும். தொட்டிக்குக் கனமான இரும்பு மூடி. நாலு படி ஏறி அதைத் தூக்குவதற்குள் எனக்கு முழங்காலும் முதுகும் ஒன்றாகச் சத்தம் போடும். பங்குனியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பலகை அளவுக்கு அறுத்துக் கொடுக்கிறார்கள். அதை வாங்கி மூடியாகப் போட்டேன். இனி தூக்க வேண்டாம், எட்டிப் பார்த்தால் போதும். எங்கள் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன.

சித்திரை வெயில் ஏறியபோது முதலில் சொன்னது என் மனைவிதான்.

"ஏன்னா, தண்ணில என்னமோ வாசனை வரது பாருங்கோ. பச்சைக்கற்பூரம் மாதிரி."

"பெருமாளே தீர்த்தம் அனுப்பறார்னு நெனச்சுக்கோ" என்றேன்.

"தீர்த்தத்துல மண்வாசனை அடிக்குமா என்ன? கற்பூரமும் இருக்கு, மண்ணும் இருக்கு. வெந்நீர் வெச்சா இன்னும் தூக்கறது."

ஒரு வாரத்தில் எல்லா வீடுகளிலும் இதே பேச்சு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பச்சைக்கற்பூர வாசனை கோயில் தீர்த்தத்தோடு ஒட்டிக்கொண்டது. முதலில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள் என்றுகூடக் கேள்வி. காபியிலும் சாத்தமுதிலும், அதாவது ரசத்திலும், அதே வாசனை வந்தபோது பக்தி குறைந்துவிட்டது.

கீழ்த்தளத்தில் ஓர் அம்மாள் வாடகைக்கு இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். வீட்டிலேயே தளிகை பண்ணி, எங்கள் குடியிருப்பிலும் உத்தர வீதி, சித்திரை வீதிகளிலும் தனியாக இருக்கும் முதியவர்களுக்குக் கேரியர் கட்டி அனுப்புவாள். அவள் கணவர் மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தக் கேரியர்கள்தான் அவர்கள் பிழைப்பு. சனிக்கிழமைகளில் அரிசியும் பாலும் வெல்லமும் நெய்யும் சேர்த்த அக்காரவடிசல் உண்டு. அதில் அவள் பச்சைக்கற்பூரம் சேர்ப்பாள். அவள் பாத்திரம் தேய்க்கும் இடம் தரைக்கு அடியில் இருக்கும் பெரிய தொட்டிக்கு, அதாவது சம்புக்கு, மிக அருகில் இருந்தது. அந்தச் சம்பிலிருந்துதான் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறும்.

இனி என்ன நடந்திருக்கும் என்று வாசகர் ஊகித்திருப்பார். நான்தான் ஊகிக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் நடந்தது. செயலாளர் ஒரு டம்ளர் தண்ணீரை என்னிடம் நீட்டினார்.

"சார், நீங்க கெமிஸ்ட்ரி. நீங்க சொன்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாது."

எல்லோரும் என் மூக்கைப் பார்த்தார்கள். நான் டம்ளரை எடுத்தேன், கையால் விசிறினேன், கண்களை மூடினேன். எனக்குள் ஒன்றும் நிகழவில்லை. காற்று போய் காற்று வந்தது. "சந்தேகமே இல்லை, பச்சைக்கற்பூரம்" என்றேன். பிறகு எழுந்து நின்று காரணமும் சொன்னேன். சம்பின் ஓரத்தில் விரிசல் இருக்கிறது, பாத்திரம் தேய்க்கும் தண்ணீர் அதில் இறங்குகிறது, ஆகவே வாசனை அக்காரவடிசல் உருளியிலிருந்து வருகிறது. வகுப்பெடுப்பது போலவே பேசினேன். யாரும் குறுக்கே பேசவில்லை.

கீழ்த்தளத்து அம்மாள் மட்டும் பேசினாள். "மாமா, நான் போடறது கடுகத்தனை. அது இந்தச் சம்பு பூரா மணக்கும்னா நான் எதுக்கு முந்திரியும் நெய்யும் கொட்டி அவஸ்தைப்படணும்? ஒரு குடம் தண்ணிய மொண்டு குடுத்தே பிரசாதம்னு சொல்லிடுவேனே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "அம்மா, சில பொருளை மனுஷ மூக்கு துளியினும் துளியாக் கண்டுபிடிச்சுடும். இது உனக்குப் புரியாது" என்றேன்.

அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த மாதக் கடைசிக்குள் விற்பனைக்குச் சமைப்பதை அவள் நிறுத்த வேண்டும் என்று தீர்மானமாயிற்று. வீட்டில் குடியிருக்கத் தடையில்லை என்று செயலாளர் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார். சமைக்காமல் அவள் அந்த வாடகையைக் கொடுப்பது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு செய்தி காலையில் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் ஏழு பிராகாரமும் சுற்றிவிடும். அந்த அம்மாள் தளிகையில் ஏதோ வாசனை என்று முதலில் பேசினார்கள். அவள் தண்ணீர் சுத்தமில்லை என்று ஆயிற்று. கடைசியில் அவளே சுத்தமில்லை என்று முடிந்தது. "புரொபசர் மாமாவே மோந்து பார்த்துச் சொல்லிட்டார்" என்பது எல்லாவற்றுக்கும் முத்திரை. கேரியர்கள் ஒவ்வொன்றாக நின்றன.

இதற்கிடையில் அவர்கள் இருவரும் கும்பகோணத்தில் ஓர் உறவினர் வீட்டுப் பூணூலுக்குப் போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. அடுப்பும் இல்லை, உருளியும் இல்லை, தேய்க்கும் தண்ணீரும் இல்லை.

என் மனைவி ஒரு காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். "ஏன்னா, அவ ஊர்ல இல்ல. வாசனை மட்டும் ஆத்தோட தங்கிடுத்தா? முன்னைக்கு இப்ப ஜாஸ்தியா இருக்கு."

சோதனைச்சாலையில் இதைவிடத் தெளிவான பரிசோதனை கிடையாது. காரணம் என்று சொன்னதை எடுத்துவிட்ட பிறகும் விளைவு வளர்கிறது என்றால் காரணம் வேறு. முதல் வருட மாணவனுக்கே இது தெரியும். நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு வரியும் படிக்கவில்லை. மண்ணும் கற்பூரமும் என்று என் மனைவி முதல் நாளே சொன்னாளே. அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். சில வகைப் பாசிகள், குறிப்பாக நீலப்பச்சைப் பாசிகள், தண்ணீரில் வளரும்போது இரண்டு பொருட்களை உண்டாக்கும். ஒன்று ஜியோஸ்மின். புதுமழை பெய்ததும் நிலத்திலிருந்து எழும் மண்வாசனை அதனுடையதுதான். இன்னொன்று கற்பூரத்தின் தூரத்து உறவு. அதன் வாசனையில் மண்ணும் பூஞ்சையும் கற்பூரமும் கலந்திருக்கும். உடம்புக்கு இவற்றால் கெடுதல் சொல்ல முடியாது. ஆனால் மனித மூக்கு இவற்றைத் துளியினும் துளியாகக் கண்டுபிடித்துவிடும். கூட்டத்தில் நான் சொன்ன வாக்கியம் சரிதான், சொன்ன இடம்தான் தவறு. தண்ணீரைச் சூடாக்கினால் வாசனை ஆவியோடு மேலே வரும். அதனால்தான் காபியும் சாத்தமுதும் முதலில் அகப்பட்டன.

பாசி வளர வெயில் வேண்டும். இரும்பு மூடிக்குள் வெயில் கிடையாது.

மொட்டை மாடிக்கு ஏறினேன். என் அழகான மூடி வழியாகச் சூரியன் நேராக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் போதும் என்றுதானே போட்டேன், எட்டிப் பார்த்தேன். தினமும் பார்த்த இடம்தான். தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறேன், சுவரைப் பார்த்ததில்லை. நாலு பக்கமும் பச்சை வெல்வெட் விரித்த மாதிரி இருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் இதை எழுத வைத்தது. ஆட்களை வரவழைத்தேன். வருடாந்தரச் சுத்தம் என்று சொன்னேன். தொட்டியைக் காலி செய்து, சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொன்னேன். பழைய இரும்பு மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் பலகையைப் படிக்கட்டின் அடியில் மறைத்து வைத்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசனை போய்விட்டால் பேச்சும் போய்விடும், அவளும் இருந்துகொள்வாள், என் மானமும் இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

வாசனை போயிற்று. செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், பாத்தீங்களா? அந்தம்மா சமையலை நிறுத்தின உடனே தண்ணி பளிச்சுன்னு ஆயிடுச்சு. உங்க மூக்குக்கு ஒரு சால்வை போடணும்."

என் கணக்கு இப்படித்தான் முடிந்தது. தப்பைத் துடைத்த அதே கையால் அவள் மேல் பழியை அழுத்தி ஒட்டிவிட்டேன். இனி அவள் என்ன சொன்னாலும் எடுபடாது. அந்தக் கணம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "சால்வையெல்லாம் எதுக்கு" என்று மட்டும் சொன்னேன்.

சில நாட்கள் அப்படியே ஓடின. அவர்கள் ஊரிலிருந்து திரும்பி வந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினார்கள். கீழே அண்டா உருளும் சத்தம் எங்கள் மாடி வரை கேட்கும். ஒரு சனிக்கிழமை அவளே படியேறி வந்தாள். கையில் ஒரு சின்னக் கிண்ணம்.

"மாமா, இந்த ஆத்துல கடைசித் தளிகை. அக்காரவடிசல். பச்சைக்கற்பூரம் போடல, பயப்படாம சாப்பிடுங்கோ."

குத்திக்காட்டத்தான் சொன்னாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை. நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அவள் படியிறங்கிப் போன பிறகும் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். பிறகு செயலாளருக்குப் போன் செய்து, அன்று மாலையே கூட்டம் போடச் சொன்னேன்.

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மூடி என்னுடையது, பாசி மூடியால் வந்தது, வாசனை பாசியுடையது, சுத்தம் செய்து மறைத்தவன் நான். அவள் உருளிக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. சொல்லி முடித்ததும் ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை, ஏனென்றால் யாரும் நம்பவில்லை.

செயலாளர் நெகிழ்ந்துபோய்விட்டார். "சார், உங்களுக்குப் பெரிய மனசு. அந்தம்மா கஷ்டப்படறதைப் பாத்துட்டு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. அன்னிக்கு நாங்க எல்லாரும் பாத்தோமே, மோந்து பாத்து நீங்கதானே பச்சைக்கற்பூரம்னு சொன்னீங்க. அது மட்டும் பொய்யா?"

"அதுதான் முதல் பொய். எனக்கு மூக்கே கிடையாது. சில வருஷமா எந்த வாசனையும் தெரியாது."

"போங்க சார்" என்று சிரித்தார் அவர். மற்றவர்களும் சிரித்தார்கள். நல்லவன் என்று பெயர் எடுத்துவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொள்வதுகூடக் கஷ்டம்தான்.

அந்த அம்மாள் தூணோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கேரியர் இருந்தது. வாடிக்கையை நிறுத்திய ஒரு வீட்டிலிருந்து, சாப்பிடாமல், கழுவாமல், அப்படியே திருப்பி அனுப்பியது. பூணூலுக்குக் கிளம்பிய அவசரத்தில் பூட்டிய வீட்டுக்குள் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், திரும்பி வந்தும் திறக்கத் துணியவில்லை. உள்ளே மோர்க்குழம்பு. வெளியே சித்திரை.

"மாமா, கண்ண மூடிக்கோங்கோ" என்றாள்.

மூடிக்கொண்டேன். பக்கத்தில் ஏதோ கிளிப் விடுபடும் சத்தம். அதைத் தொடர்ந்து நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ ஓடும் சத்தம், யாரோ "ஐயோ பெருமாளே" என்று முனகும் சத்தம். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தேன்.

"திறந்தாச்சாம்மா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தேன். கேரியர் என் மூக்குக்கு நேராக இருந்தது. அவள் முகத்தை மறுபக்கம் திருப்பி, தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். என்னையும் அவளையும் தவிர அங்கே யாரும் இல்லை. செயலாளர் வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம், தெருவில், வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நம்பறேன் சார், நம்பறேன். மூடச் சொல்லுங்க" என்று அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேரியரை மூடிவிட்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்க எனக்கு உரிமை இருந்ததா என்று தெரியவில்லை, ஆனால் சிரித்தேன்.

என் மனைவி மட்டும் ஆச்சரியப்படவில்லை. "எனக்கு எப்பவோ தெரியும்னா. அடிப்பிடிச்ச பாலைப் பேஷ் பேஷ்னு குடிச்சேளே, அன்னிக்கே."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வேள்னு இருந்தேன். அதுவுமில்லாம, எந்தக் காபியைக் குடுத்தாலும் குறை சொல்லாத ஆம்படையானை யார் விடுவா?"

தீர்மானம் ரத்தாயிற்று. செயலாளரே அவள் வீட்டு வாசலுக்குப் போய், நீங்கள் தாராளமாகச் சமைக்கலாம், எங்களை மன்னிக்க வேண்டும் என்றார். அவள் அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தாள்.

"சந்தோஷம். ஆனா உத்தர வீதில வேற ஆம் பாத்தாச்சு. வெள்ளிக்கிழமை நல்ல நாள்னு அங்க பால் காய்ச்சிட்டோம். பால் காய்ச்சின எடத்தை விட்டுட்டு வந்தா நன்னாயிருக்காது" என்றாள்.

அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. பால் காய்ச்சிய பிறகு பின்வாங்கும் வழக்கம் எங்கள் யார் வீட்டிலும் கிடையாது. நான் இரண்டு நாள், இரண்டே நாள் முன்னால் பேசியிருந்தால் அந்தப் பால் காய்ந்திருக்காது. வியாழக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன்.

சாமான் ஏற்றும் அன்று நான் கீழே போய், உனக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பெரிதாக ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இதுதான்.

"கேரியரை நிறுத்தின ஒவ்வொருத்தர் ஆத்துக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கோ. உங்க வாய்ச் சொல்லாலதான் நின்னுது. போன்ல வேண்டாம். நேர்ல."

போனேன். கையில் குடையும் பையில் அந்தப் பிளாஸ்டிக் பலகையுமாக, உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் கதவு கதவாகத் தட்டினேன். பலகையின் உள்பக்கம் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் காட்டி விளக்குவேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரச் சொல்லிக் காபி கொடுப்பார்கள். ஒரு பாட்டி பலகையைக் கையில் வாங்கி மோந்து பார்த்து, "ஆமாண்டா, அதே வாசனை" என்று உடனே போன் போட்டுக் கேரியர் சொல்லிவிட்டாள். இன்னொருவர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த நாட்களில் சாத்தமுது கோயில் வாசனையாக இருந்தது, அதற்காகத்தான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், நிறுத்தியது மகள் சொல்லித்தான் என்றார். அவரும் திரும்பினார். ஊரில் எனக்குப் புதுப் பட்டப்பெயர் ஒன்று வந்திருப்பதாகச் செயலாளர் சொல்கிறார். பாசி மாமாவாம்.

ஒரு வீடு மட்டும் திரும்பவில்லை. தெற்குச் சித்திரை வீதியில், என் வயதுள்ள மனிதர், தனியாக இருக்கிறார். பலகையைத் தொடவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

"அன்னிக்குக் கற்பூரம்னேள். நம்பினேன். இன்னிக்குப் பாசிங்கறேள். அடுத்த மாசம் வந்து என்ன சொல்லப்போறேள்?"

பலகையைப் பையில் போட்டுக்கொண்டேன். எழுந்து வந்துவிட்டேன். பிறகு மறுபடியும் போனேன், அதற்குப் பிறகும் செவ்வாய்தோறும் போனேன். இப்போது அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிறார். கிரிக்கெட் பேசுகிறோம், முழங்கால் வலி பேசுகிறோம். தளிகைப் பேச்சை எடுத்தால் மட்டும் பேப்பரை விரித்துக்கொள்கிறார். ஓட்டலிலிருந்து வரவழைத்துச் சாப்பிட்டு வயிறு கெட்டிருக்கிறது என்பது முகத்திலேயே தெரிகிறது.

அந்த அம்மாள் போதும் விடுங்கோ மாமா என்கிறாள். அவளுக்கு இப்போது கேரியர்கள் முன்னைவிட அதிகம். ஒன்று குறைந்தால் ஒன்றுமில்லை என்கிறாள். எனக்கு அப்படியில்லை. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. அவர் வீட்டில் இருப்பார்.